பால்வாடிப் பிள்ளையும் நம் பள்ளிப் பிள்ளைதான்: மேலாண்மைக் குழுவினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. விடியுமுன் மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போகிற வீடு எங்களுடையது. ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் ஒரு தாயாகச் சேர்ந்தேன், இப்போது தலைவியாக இருக்கிறேன். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளின் படிப்புக்கு நம் பள்ளிக் குழுக்கள் துணை நிற்க வேண்டும் என்று செல்லம்பட்டி, சேடப்பட்டி, வாடிப்பட்டிப் பக்கக் குழுக்களில் பேசி வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். சிலர் கோபமாகக் கேட்பார்கள், சிலர் நிஜமாகவே தெரியாமல் கேட்பார்கள். வாயால் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் பள்ளிக்கூடத்துக் குழு. பால்வாடி எங்கள் பொறுப்பா?

எல்லா ஊரிலும் முதலில் வருகிற கேள்வி இதுதான். காகிதத்தில் பார்த்தால் நியாயமான கேள்வியும்கூட. பள்ளி, பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இருக்கிறது. அங்கன்வாடி, சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையின் கீழ் இருக்கிறது. எங்கள் ஊரில் இரண்டும் ஒரே காம்பவுண்டுக்குள் ஒரே வேப்பமரத்து நிழலில் இருக்கின்றன. ஆனாலும் இங்கே வருகிற அதிகாரி வேறு, அங்கே வருகிற அதிகாரி வேறு. இந்தப் பக்கம் குழாய் உடைந்தால் பள்ளி மானியத்தில் சரிசெய்வோம். அந்தப் பக்கம் உடைந்தால், "அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லக்கா" என்று விட்டுவிடுவோம். நானும் அப்படி விட்டிருக்கிறேன்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் பதில் மாறும். அதன் 21ஆம் பிரிவுதான் நம் குழுவை உண்டாக்கியது. முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சொன்னதும் அதுதான். 22ஆம் பிரிவு, பள்ளி வளர்ச்சித் திட்டத்தை இந்தக் குழுதான் தயாரிக்க வேண்டும் என்கிறது. வருகிற ஆண்டுகளில் எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்ற கணக்கும் அந்தத் திட்டத்தில் வர வேண்டும். அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர் என்று எங்கே போய் எண்ணுவீர்கள்? இன்று பால்வாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களைத்தான் எண்ண வேண்டும். அந்தப் பிள்ளைகளைப் பார்க்காமல் திட்டம் எழுதினால், போன வருடக் கணக்கையே தேதி மாற்றி எழுதியதாகத்தான் இருக்கும்.

வெளிநாட்டில் பள்ளி வாரியம் என்று சொல்கிறார்களே, அது நம்மிடம் உண்டா?

அமெரிக்காவில் ஊர் மக்களே ஓட்டுப் போட்டுப் பள்ளி வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் பெரும்பாலான இடங்களில் உண்டு. வரவு செலவு முதல் பாடம் வரை அந்த வாரியம் முடிவு செய்யும். நம்மிடமும் ஒரு காலத்தில் ஜில்லா போர்டு பள்ளிகளை நடத்தியது. அதனால்தான் எங்கள் அப்பத்தா வயதுக்காரர்கள் இன்றும் "போர்டு ஸ்கூல்" என்று சொல்கிறார்கள். அந்த அதிகாரம் இப்போது ஊரில் இல்லை. ஆசிரியரை நியமிப்பதோ மாற்றுவதோ நம் கையில் கிடையாது. ஆனால் திட்டம் எழுதலாம், தீர்மானம் போடலாம், மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கலாம், கிராமசபையில் பேசலாம். இதைச் சின்ன அதிகாரம் என்று நினைக்காதீர்கள். மேலாண்மைக் குழுக்களுக்கென்று அரசு வைத்திருக்கிற செயலியில் தீர்மானம் ஏறிவிட்டால் மேலே யாரோ ஒருவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சட்டம் 6 வயதிலிருந்துதானே தொடங்குகிறது?

கட்டாயம் 6 வயதிலிருந்து 14 வரைதான். ஆனால் அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு, 3 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு 6 வயது வரை இலவச முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்று வழி திறந்து வைத்திருக்கிறது. 2002இல் திருத்தப்பட்ட அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவும், 6 வயது வரையுள்ள பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் அரசு முயல வேண்டும் என்கிறது. "செய்யலாம்", "முயல வேண்டும்" என்றெல்லாம் எழுதப்பட்ட இடத்தில்தான் ஊரிலிருந்து ஒரு குரல் தேவைப்படுகிறது. "செய்ய வேண்டும்" என்று எழுதியிருந்தால் நான் ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டியிருக்காது.

நாங்களெல்லாம் எல்கேஜியா படித்தோம்? ஒன்றாம் வகுப்பிலேயே கற்றுக்கொள்ள முடியாதா?

இதைக் கேட்காத தாத்தா இல்லை. போன ஜூனில் பள்ளி திறந்த இரண்டாம் நாள் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒன்றாம் வகுப்பில் புதிதாக ஒரு பையன். அம்மா அப்பா கேரளாவில் கட்டட வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார்கள். அங்கன்வாடி வாசலையே மிதிக்காத பிள்ளை. காலையிலிருந்து பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். டீச்சர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து அவன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். அவன் நிமிரவே இல்லை. வீட்டில் அவனைக் "கருப்பு" என்றுதான் கூப்பிடுவார்களாம். பதிவேட்டில் இருப்பதும் தன் பெயர்தான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பதினோரு மணி வாக்கில் கால்சட்டையை நனைத்துவிட்டான். டீச்சரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. மறுநாள் அவன் வரவில்லை.

அதே பெஞ்சில் பால்வாடியிலிருந்து வந்த ஒரு பெண் பிள்ளை. வந்ததும் பையைக் கொக்கியில் மாட்டினாள். தட்டை எடுத்தாள். குழாயடியில் கை கழுவினாள். சத்துணவு வரிசையில் தனக்கு முன்னால் யார் நிற்க வேண்டும் என்று சண்டையும் போட்டாள். இரண்டு நாள் கழித்து அந்தப் பையன் திரும்பி வந்தபோது அவள்தான் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப் போனாள்.

அவளுக்கு அவனைவிட மூளை அதிகம் என்று சொல்ல வரவில்லை. இரண்டு வருடம் வீட்டை விட்டு வெளியே உட்கார்ந்து, காத்திருந்து, கேட்டு, பகிர்ந்து பழகியிருந்தாள், அவ்வளவுதான். அந்தப் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பில் தீபாவளி வரைக்கும் பள்ளிக்கூடம் என்றால் என்னவென்று புரிவதிலேயே காலம் போய்விடுகிறது. எங்கள் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை மூன்று வகுப்புக்கும் ஒரே டீச்சர்தான். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அரும்பு நிலைக்கே வராத பிள்ளை ஒன்று இருந்தால், டீச்சரின் பாதி நாள் அந்த ஒரு பிள்ளைக்குப் போகிறது. மற்ற பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

நீங்கள் எல்கேஜி படிக்காமல் வந்தீர்கள் என்பது உண்மைதான். அப்போது வீட்டில் அப்பத்தா இருந்தார், சித்தி இருந்தார், தெருவில் முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். எண்ணிக்கை பல்லாங்குழியில் வந்தது, பேச்சு திண்ணையில் வந்தது. இன்று எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்கு மேல் பெரியவர்கள் யாரும் இருப்பதில்லை. பிள்ளை கையில் செல்போன் இருக்கிறது.

பால்வாடியில் விளையாடிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? படிப்பு எங்கே நடக்கிறது?

விளையாட்டில்தான் நடக்கிறது. ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு வந்து ஜன்னல் பக்கம் நின்று பாருங்கள்.

எங்கள் பால்வாடியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பா நிறையப் புளியங்கொட்டை இருக்கும். டீச்சர் தரையில் சாக்பீஸால் ஐந்து வட்டம் போடுவார். முதல் வட்டத்தில் ஒரு கொட்டை, இரண்டாவதில் இரண்டு. நான்கு வயதுப் பையன் ஒருவன் நான்காவது வட்டத்தில் ஐந்து கொட்டையை வைத்துவிட்டான். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. "எண்ணிச் சொல்லு சாமி" என்றார். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். ஐந்து வந்தது. கொஞ்ச நேரம் டீச்சர் முகத்தைப் பார்த்தான். பிறகு ஒரு கொட்டையை எடுத்து வாயில் போடப் போய், நிறுத்தி, அடுத்த வட்டத்துக்கு நகர்த்தினான். நூறு வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் ஏழு தீக்குச்சி எடுத்துத் தா என்றால் விழிப்பார்கள். இந்தப் பையனுக்கு நான்கு என்றால் என்னவென்று கையால் தெரிந்துவிட்டது.

களிமண் பிசைவதும், மணி கோப்பதும், காகிதம் கிழிப்பதும் விரலுக்கு வலு. அந்த வலு வந்த பிறகுதான் பென்சில். கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் விளையாடுகிற பிள்ளை எதிராளி எங்கே ஒளித்திருப்பான் என்று யோசிக்கிறது, தன் முறை வரும் வரை பொறுக்கிறது. அங்கன்வாடிகளுக்கென்று அரசு கொண்டுவந்த ஆடிப்பாடி விளையாடு பாப்பா பாடத்திட்டமும் இந்த வழியில்தான் போகிறது. மூன்று வயதுக் குழந்தையை நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைப்பதை முன்பருவக் கல்வி என்று நம்பினால், அப்படிப்பட்ட கல்விக்கு ஆதரவு தரச் சொல்லி நான் கேட்கவில்லை.

தனியார் நர்சரிகள் வேன் அனுப்புகின்றன. விருப்பப்பட்டவர்கள் அங்கே போகட்டுமே?

போகிறவர்களைத் தடுக்க முடியாது, குறை சொல்லவும் மாட்டேன். என் மூத்த மகளை நானே அனுப்பினேன். காலை எட்டு மணிக்கு அரசமரத்தடியில் வேன் நிற்கும். டை கட்டி, ஷூ போட்டு ஏற்றிவிட்டபோது நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. காதுத் தோட்டை அடகு வைத்துத்தான் முதல் கட்டணம் கட்டினேன். நாலரை வயதில் ஏபிசிடி முழுக்க எழுதுவாள். நடுவிரலில் காய்த்திருக்கும். இரண்டாம் ஆண்டில் மழை தப்பிப் பூ வரத்து குறைந்தது, கட்டணம் பாக்கி விழுந்தது. ஒரு நாள் அவளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். என்ன காரணம் என்று அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். அன்று மாலை வேனை விட்டு இறங்கும்போது, "அம்மா, நம்ம கடன்காரங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது.

காசு இருக்கும் மாதம் படிப்பு, இல்லாத மாதம் வாசல் என்று மூன்று வயதிலேயே பிள்ளைகளைப் பிரிப்பது சரியில்லை. இன்னொன்றும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களில் சேர்கிற பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியில் எல்கேஜி முதலே கட்டணத்தை அரசு தருகிறது. தனியார் எல்கேஜிக்கு அரசுப் பணம் போகும்போது, அரசுப் பள்ளி வளாகத்தில் எல்கேஜிக்கு ஆள் இல்லை என்றால் அந்தக் கணக்கைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

இங்கிலீஷ் ஆசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆசை தப்பில்லை. எனக்கும் உண்டு. ஆனால் வீட்டில் பேசுகிற மொழியில் கதை கேட்டு, கேள்வி கேட்டு, கோபப்பட்டுப் பழகிய பிள்ளைக்கு இன்னொரு மொழி சுலபமாக ஏறும். இரண்டு மொழியிலும் பேசாமல், எழுத்தை மட்டும் வரையத் தெரிந்த பிள்ளையாக என் மூத்தவள் இருந்தாள். அதிலிருந்து அவள் வெளியே வர இரண்டு வருடம் ஆனது.

இதனால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா, இல்லை நீங்கள் பார்த்ததை வைத்து மட்டும் சொல்கிறீர்களா?

இருக்கிறது. உலகம் முழுக்கச் சொல்கிற உதாரணம் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலான்டி என்ற ஊரில் 1962இல் தொடங்கியது. அந்த ஊர்ப் பொதுப் பள்ளி நிர்வாகத்தில் வேலை பார்த்த டேவிட் வைகார்ட் என்பவர், ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் குழந்தைகளுக்காகப் பெர்ரி என்ற தொடக்கப் பள்ளியில் மழலையர் வகுப்பு நடத்தினார். ஆய்வில் இருந்தது 123 குழந்தைகள். 58 பேருக்கு அந்த வகுப்பு கிடைத்தது, மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பிரிவினரையும் 40 வயது வரை, அதற்குப் பிறகும் தொடர்ந்து பார்த்தார்கள். வகுப்புக்குப் போனவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அதிகம், சம்பாத்தியம் அதிகம், போலீஸ் கைதுகள் குறைவு. நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் கணக்குப் போட்டு, அதில் போட்ட பணம் ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் வரை சமூகத்துக்குத் திரும்பி வந்தது என்றார். ஆனால் அங்கே வாரம் ஒரு முறை ஆசிரியர் வீட்டுக்கே போய்த் தாயோடு உட்கார்ந்தார். அத்தனை கவனம் இருந்தால்தான் அத்தனை பலன்.

நான் அதிகம் நம்புவது நம் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வை. கார்த்திக் முரளிதரனும் அவருடன் வேலை செய்த ஆய்வாளர்களும் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். பாதி மையங்களில் மட்டும், முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த மையங்களில் சொல்லிக் கொடுக்கும் நேரம் இரட்டிப்பாகியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் அங்கிருந்த பிள்ளைகள் தெளிவாக முன்னே நின்றார்கள். இன்னொரு மாற்றமும் தெரிந்தது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளும் கடுமையாக மெலிந்த பிள்ளைகளும் அங்கே குறைந்தார்கள். பாடத்துக்குத் தனி ஆள் வந்ததும், ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு உணவையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் கிடைத்தது. எந்த ஊர்க் குழுவுக்குப் போனாலும் நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அரசே எல்கேஜி தொடங்கியதே, அது என்ன ஆனது?

2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கின. மாநிலத்தில் மொத்த மையங்கள் 54,439. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். தொடக்கப் பள்ளிக்கென்று பயிற்சி பெற்ற எங்களை மழலையர் வகுப்புக்கு மாற்றலாமா என்று அவர்கள் எதிர்த்தார்கள், வழக்கு மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போனது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது தனிப் பயிற்சி வேண்டிய வேலை. 2022 ஜூனில் இந்த வகுப்புகளை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே தொடரும் என்றார்கள். பிறகு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை வைத்தார்கள்.

அந்த சில நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நடுநிலைப் பள்ளி வாசலில் தாய்மார்கள் கூடி நின்று, "டீச்சர், நாளைக்கு அனுப்பவா, வேண்டாமா?" என்று கேட்டார்கள். தலைமையாசிரியைக்கே பதில் தெரியவில்லை. அந்தக் குழப்பத்தில் வேனுக்குப் போன பிள்ளைகளில் பலர் திரும்பி வரவே இல்லை. ஊர்க் குழுக்கள் எல்லாம் அன்றே தீர்மானம் போட்டிருந்தால் குழப்பம் இன்னும் சீக்கிரம் தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். 5,000 ரூபாயில் ஒரு நல்ல ஆசிரியை எத்தனை வருடம் நிற்பார் என்பதும் நாம் கேட்க வேண்டிய கேள்விதான்.

இதில் எங்கள் பள்ளிக்கு என்ன லாபம்?

பிள்ளை வரும். மூன்று வயதில் வேனில் ஏறிய பிள்ளை ஐந்து வயதில் நம் பள்ளிக்குத் திரும்புவது அபூர்வம். சேர்க்கை ஊர்வலத்தை ஐந்து வயதுப் பிள்ளைக்காக நடத்துகிறோம். முடிவோ அந்த வீட்டில் இரண்டு வருடத்துக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளை எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் உபரி என்று மாற்றிவிடுவார்கள். ஆசிரியர் போனால் இருக்கிற பிள்ளையும் போகும்.

யாரும் எண்ணாத இன்னொரு லாபம், அக்காமார்களுடையது. பூ சீசனில் எங்கள் நான்காம் வகுப்பில் பெண் பிள்ளைகளாகப் பார்த்து விடுப்பு எடுப்பார்கள். ஏன் என்று விசாரித்தால், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. பால்வாடி ஒழுங்காகத் திறந்திருக்கும் மாதம் அந்த அக்காள் வகுப்பில் இருக்கிறாள்.

எங்கள் ஊர் பால்வாடி பாதி நாள் பூட்டியே கிடக்கிறது. அதற்கா ஆதரவு?

அதற்குத்தான் ஆதரவு வேண்டும். பூட்டு தொங்கினால் ஏன் என்று போய்க் கேளுங்கள். கேட்கிற விதத்தில் கேளுங்கள். எங்கள் பால்வாடி டீச்சர் ஒரு மாதத்தில் செய்வதை ஒரு முறை உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். எடை போட வேண்டும், உயரம் அளக்க வேண்டும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்க வேண்டும், தடுப்பூசி நாளில் தாய்மார்களைக் கூட்ட வேண்டும், போஷன் டிராக்கர் செயலியில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் வீடு வீடாகப் போக வேண்டும். சமைக்கிற ஆயாம்மா விடுப்பு எடுத்தால் அடுப்பையும் அவரே பார்க்க வேண்டும். இதற்கு நடுவில்தான் புளியங்கொட்டை.

மதுரை மாவட்டத்துக்கு இதில் பழைய வரலாறு உண்டு. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1980இல் தமிழ்நாடு தனியாக ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்றை உலக வங்கி உதவியோடு கொண்டுவந்தபோது, முதலில் சோதித்துப் பார்த்தது கொட்டாம்பட்டி ஒன்றியத்தில். எடை குறைந்த பிள்ளையை மாதாமாதம் நிறுத்துக் கண்டுபிடிக்கும் வழியை நம் பக்கத்துத் தாய்மார்களும் பணியாளர்களும் சேர்ந்துதான் நடத்திக் காட்டினார்கள். சோற்றில் முடிந்த காரியம் படிப்பிலும் முடியும்.

குழு செய்யக்கூடியது: பணியாளரை மாதக் கூட்டத்துக்கு அழைப்பது, காலியிடம் இருந்தால் நிரப்பச் சொல்லித் தீர்மானம் போடுவது, வாரம் ஒரு நாள் ஒரு தாய் போய்க் கதை சொல்வது. எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை மதினி ஒருவர் போகிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொல்லும் நரிக் கதைக்குப் பிள்ளைகள் வாசலிலேயே காத்திருக்கிறார்கள்.

பால்வாடி காலனிப் பக்கம் இருக்கிறது, அதனால் எங்கள் தெருப் பிள்ளைகள் போவதில்லை. என்ன செய்வது?

இதை வெளிப்படையாகக் கேட்டவர்கள் இரண்டே பேர்தான். மனதுக்குள் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். எந்தத் தெருவில் மையம் இருக்கிறது என்று பார்த்துப் பிள்ளையை அனுப்புவதும் நிறுத்துவதும், யார் சமைக்கிறார்கள் என்று விசாரிப்பதும் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. இது தவறு. அதைச் சுற்றி வளைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சாதி தெரியாது, நாம் வேனில் ஏற்றி அனுப்பித்தான் அதைக் கற்றுக்கொடுக்கிறோம்.

பள்ளி வளாகம் எல்லாருக்கும் பொது. மழலையர் வகுப்பு அங்கே வந்தால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்வார்கள். அதோடு குழுவில் இருக்கிற நாம் முதலில் நம் வீட்டுப் பிள்ளையை அனுப்ப வேண்டும். என் இளையவன் அங்கேதான் இரண்டு வருடம் இருந்தான்.

இடத்துக்கும் பணத்துக்கும் எங்கே போவது?

சேர்க்கை குறைந்த பல பள்ளிகளில் ஒரு வகுப்பறையாவது சும்மா இருக்கிறது. அதில் உடைந்த மேசையும் பழைய தேர்தல் பெட்டியும் கிடக்கும். முதலில் அதைக் காலி செய்யுங்கள். அடுத்த செலவு சின்னக் கழிப்பறை. பெரியவர்கள் பேசினில் மூன்று வயதுப் பிள்ளை உட்கார முடியாது, பயப்படும். உயரம் குறைந்த குழாய், பாய், கதவுக்குக் கொக்கி. பள்ளி மானியம், ஊராட்சி நிதி, நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளித் திட்டம் வழியாக வருகிற நன்கொடை என்று வழிகள் உண்டு. வெளியூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்களைக் கேளுங்கள். திருவிழாவுக்கு வரி கொடுக்கிறவர்கள் இதற்கும் கொடுப்பார்கள்.

கொடிக்குளம் ஆயி பூரணம் அம்மாளை மறந்துவிடாதீர்கள். வங்கியில் எழுத்தராக வேலை பார்த்தவர், இறந்துபோன மகள் ஜனனியின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை ஊர்ப் பள்ளியைத் தரம் உயர்த்துவதற்காக எழுதிக் கொடுத்தார். 2024 குடியரசு தினத்தில் அரசு அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தது. நம் மதுரை மாவட்டத்தில்தான் நடந்தது. இப்படிப்பட்ட மண்ணில் ஒரு சின்னக் கழிப்பறைக்கு ஆள் கிடைக்கமாட்டார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

காலை உணவு இந்தப் பிள்ளைகளுக்கும் கிடைக்குமா?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்கான திட்டம் அது. அக்காள் உப்புமா சாப்பிடும்போது கையைப் பிடித்துக்கொண்டு தம்பி நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பள்ளி வளாகத்து மழலையருக்கும் அதை நீட்டிக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் என்ன எழுதுவது?

நாங்கள் எழுதியதைத் தருகிறேன். ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"எங்கள் பள்ளி எல்லைக்குள் 3 வயது முடிந்து 5 வயது நிறைவடையாத குழந்தைகள் அனைவரையும் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்து, அந்தப் பட்டியலைப் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் சேர்ப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, பள்ளி வளாகத்தில் மழலையர் வகுப்பு தொடங்கவும், அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரை நியமிக்கவும் அரசைக் கேட்டுக்கொள்வது என்று தீர்மானிக்கப்பட்டது. அங்கன்வாடிப் பணியாளரை ஒவ்வொரு மாதக் கூட்டத்துக்கும் அழைப்பது என்று தீர்மானிக்கப்பட்டது."

இதைச் செயலியில் ஏற்றுங்கள். ஒரு நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு, ஒரு நகல் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவரைக் கைகாட்டிவிடுவார்கள், எங்களுக்கு அதில் நான்கு மாதம் வீணாகப் போனது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராமசபை கூடும். அடுத்து வருகிற தேதியில் இதே தீர்மானத்தை அங்கேயும் வையுங்கள். பூ எடுக்கிற நேரம் முடிந்து பெண்கள் வந்து சேர்ந்த பிறகு வாசிக்கச் சொல்லுங்கள். கை தூக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.